கர்னலின் பேத்தி

விசிலில் ஆரம்பிக்கலாம்.

'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' படத்தை முழுசாகப் பார்க்காதவர்களுக்குக்கூட அந்த விசில் தெரிந்திருக்கும். கிழிந்த சட்டை, வாய் பிளந்த பூட்ஸ், காட்டு வழி. ஜப்பான்காரனிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள் வரிசை கலையாமல், 'கர்னல் போகி' மெட்டை விசிலடித்தபடி முகாமுக்குள் நடந்து வருவார்கள். நான் முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா வீட்டு டி.வி.யில். பெரியப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "தோத்தாலும் வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்டா" என்றார். படம் முடிகிறபோது அவரே, "கடைசியில இப்படிக் கிறுக்கனாயிட்டானே அந்தக் கர்னல்" என்று வருத்தப்பட்டார்.

அந்தக் கர்னலைப் பற்றித்தான் இந்த வாரம். படத்தில் வரும் கர்னல் இல்லை. அவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில் நிஜமாக இருந்தவர். இன்னும் சரியாகச் சொன்னால், அவருடைய பேத்தி எழுதிய புத்தகத்தைப் பற்றி.

படக் கதையை இரண்டு வரியில் ஞாபகப்படுத்திவிடுகிறேன். கர்னல் நிக்கல்சன் - அலெக் கின்னஸ் - பிடிவாதக்காரர். அதிகாரிகள் மண் சுமக்க மாட்டார்கள் என்று முகாம் தலைவன் சைட்டோவிடம் மோதி, வெயிலில் தகரப் பெட்டிக்குள் வெந்து, கடைசியில் ஜெயிக்கிறார். ஜெயித்த மிதப்பில், எதிரிக்கு எதிரியைவிட நன்றாகப் பாலம் கட்டிக்கொடுக்கக் கிளம்பிவிடுகிறார். அதைத் தகர்க்க வந்த தன் நாட்டு கமாண்டோக்களையே காட்டிக்கொடுக்கிற அளவுக்குப் போகிறார். 1957ஆம் வருஷப் படம். ஏழு ஆஸ்கர். அதில் ஒன்று அலெக் கின்னஸுக்கு.

பிரமாதமான படம், சந்தேகமில்லை. இப்போது பார்த்தாலும் இரண்டே முக்கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்க்க விடாது. ஆனால், இங்கிலாந்தில் சில ஆயிரம் வீடுகளில் அந்தப் படம் வேறு மாதிரி ஓடியது. அந்த வீடுகளில் அப்பாவோ, கணவனோ, அண்ணனோ அந்த ரயில்பாதையில் வேலை செய்துவிட்டு வந்திருந்தான். அல்லது வரவில்லை.

நிஜக் கர்னலின் பெயர் பிலிப் டூஸி. லிவர்பூலில் பேரிங்ஸ் என்ற வங்கியில் வேலை. வார இறுதிகளில் டெரிடோரியல் ஆர்மி. அதாவது, பகலில் கணக்குப் புத்தகம், ஓய்வு நேரத்தில் பீரங்கி. இரண்டாம் உலகப் போர் வந்ததும் முழுநேர ராணுவம். டன்கர்க்கில் தப்பி வந்தவர்களில் ஒருவர். 1941இல் 135வது ஃபீல்டு ரெஜிமென்ட்டுக்குத் தலைமை ஏற்றார். ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் யோமன்ரி என்று இன்னொரு பெயரும் அதற்கு உண்டு. பீரங்கிப் படை. 25 பவுண்டர் என்கிற பீரங்கிகள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்த டெரிடோரியல் ரெஜிமென்ட்டுகள் ஊர் வாரியாகச் சேர்ந்தவை. லண்டனுக்கு வடக்கே ஹிட்சின், பீட்டர்பரோ மாதிரி ஊர்களில், ஒரே தெருப் பையன்கள், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள், ஒரே கால்பந்துக் குழு என்று மொத்தமாகப் போய்ப் பெயர் கொடுத்திருப்பார்கள். பீரங்கி என்பது தனியாள் சமாச்சாரமும் கிடையாது. ஒருவன் குண்டைத் தூக்கித் தர, ஒருவன் உள்ளே திணிக்க, ஒருவன் குறி பார்க்க, எங்கேயோ குன்றின்மேல் ஒருவன் படுத்துக்கொண்டு வயர்லெஸ்ஸில் தூரம் சொல்ல... ஆறு பேர் சேர்ந்தால்தான் ஒரு பீரங்கி. அதனால் ஒரு ரெஜிமென்ட் தொலைந்தால் ஒரு ஊரே தொலைந்த மாதிரி. அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. டெக்ஸாஸ் பையன்களின் 131வது ஃபீல்டு ஆர்ட்டிலரியில் ஒரு பட்டாலியன் 1942இல் ஜாவாவில் பிடிபட்டு, அதே ரயில்பாதையின் பர்மா முனைக்கு அனுப்பப்பட்டது. ஊரில் தகவலே இல்லை. 'தொலைந்த பட்டாலியன்' என்றே பெயர் நின்றுவிட்டது.

1939இல் டெரிடோரியல் ஆர்மியை இரட்டிப்பாக்கியபோது ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் யோமன்ரி பீரங்கிக்காரர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 86வது ரெஜிமென்ட் ஒன்று, 135வது ஒன்று. 86 ஆக நின்றவர்கள் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கினார்கள். பேரன்களுக்குச் சொல்ல வெற்றிக் கதை கிடைத்தது. 135க்குப் போனவர்கள் 1941 இறுதியில் கப்பலேறினார்கள். மத்திய கிழக்குக்கு என்றார்கள். வழியில் ஜப்பான் போரில் குதித்தது. கப்பல் திரும்பியது. 1942 ஜனவரி நடுவில் சிங்கப்பூரில் இறங்கினார்கள். பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. பூராவாக ஒரு மாதச் சண்டை, மூன்றரை வருஷச் சிறை. எந்தத் தெருவில் எந்த வரிசையில் நின்றோம் என்பதில் இருக்கிறது தலையெழுத்து.

விழுவதற்கு மூன்று நாள் முன்பு, திறமையான அதிகாரிகளைக் கப்பலில் தப்பிப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. டூஸியின் பெயரும் இருந்தது. என் ஆட்களை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று மறுத்துவிட்டார். ஒரு பேத்திக்குத் தாத்தாவைப் பற்றி எழுத இந்த ஒரு காரியமே போதும்.

அவர் பெயர் ஜூலி சம்மர்ஸ். மகள் வழிப் பேத்தி. 2005இல் வந்த புத்தகத்தின் பெயர் 'தி கர்னல் ஆஃப் தமர்கான்'. தமர்கான் என்பது தாய்லாந்தில் அந்தப் பாலத்தை ஒட்டி இருந்த முகாம். இந்த அம்மாவின் குடும்பத்தில் அலமாரியைத் திறந்தாலே சரித்திரம் தலையில் விழும் போலிருக்கிறது. 1924இல் மலரியோடு எவரெஸ்டில் காணாமல்போன சாண்டி இர்வின் இவருக்குப் பெரிய தாத்தா முறை. அவரைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். (நூறு வருஷம் கழித்து 2024இல், பனியாற்றில் இர்வினுடையது என்று ஒரு பூட்ஸும் பெயர் தைத்த காலுறையும் கிடைத்தன. துணியில் தைத்த ஒரு பெயர் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கிறது பாருங்கள். இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்ப வருகிறேன்.)

பேத்தி எழுதும் தாத்தா கதை என்றால் எனக்குக் கொஞ்சம் பயம். நம் ஊரில் அது பெரும்பாலும் மணிவிழா மலராக முடியும். தாத்தா தப்பே செய்திருக்க மாட்டார். பாட்டி சமையலறையிலேயே இருப்பார். கடைசிப் பக்கத்தில் குடும்பப் போட்டோ. சம்மர்ஸ் அந்தப் பள்ளத்தில் விழவில்லை. தாத்தாவை மட்டும் நம்பாமல், அவருக்குக் கீழே இருந்தவர்களின் டைரிகளையும் கடிதங்களையும் தேடி, பிழைத்திருந்த கிழவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதியிருக்கிறார்.

டூஸி தமர்கானில் செய்தது என்ன? சொன்னால் சப்பென்று இருக்கும். கக்கூஸ் வெட்ட வைத்தார். முகச்சவரம் செய்யச் சொன்னார். அதிகாரிகளும் சிப்பாய்களும் ஒரே முகாமில்தான் இருப்பார்கள் என்று பிடிவாதம் பிடித்தார். ஜப்பான்காரன் அடித்தால் போய் நின்று வாதாடினார். சில தடவை அதற்கும் சேர்த்து அடி வாங்கினார். பூன்பாங் என்ற தாய்லாந்து வியாபாரி காய்கறி விற்கிற சாக்கில், உயிரைப் பணயம் வைத்து மருந்தும் பணமும் கடத்திக்கொண்டு வருவார். அந்த ஏற்பாடு வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டார். மரப்பாலம் ஒன்று, இரும்புப் பாலம் ஒன்று, இரண்டும் 1943 முன்பாதியில் முடிந்தன. ரயில்பாதையின் மற்ற முகாம்களோடு ஒப்பிட்டால் தமர்கானில் சாவு மிகக் குறைவு.

எதிரிக்குப் பாலம் கட்டிக் கொடுத்தாரா? கட்டிக் கொடுத்தார். வேறு வழி? வேலை செய்ய மறுத்தால் அடி, பட்டினி, சாவு. இதில் 'கௌரவத்துக்காகக் கட்டினான்' என்ற ஒரு வார்த்தையைச் சேர்த்ததுதான் படம் செய்த காரியம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் ஏழு ஆஸ்கர்.

கோபம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் சரணடைந்த ஜெனரல் பெர்சிவல் பிற்பாடு கிழக்காசியப் போர்க்கைதிகள் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். அவரே முன்னின்று சண்டை போட்டு, 'இது கற்பனைக் கதை' என்று ஒரு அறிவிப்பைப் படத்தில் போட வைத்தார். நம் ஊர்ப் படங்களில் 'யாரையும் குறிப்பிடுவன அல்ல' என்று போடுகிறார்களே, அதே மருந்து. அது எந்த வியாதியையும் குணப்படுத்தியதாகச் சரித்திரம் இல்லை. படத்தின் பெயரை நம்பி வந்த டூரிஸ்ட்டுகள் க்வாய் நதியைத் தேடினார்கள். நிஜப் பாலமோ மே க்ளாங் என்ற ஆற்றின்மேல் நின்றது. தாய்லாந்து அரசாங்கம் என்ன செய்தது தெரியுமா? 1960இல் ஆற்றின் பெயரை மாற்றிவிட்டது. ஓர் ஆறே சினிமாவுக்காகப் பெயரை மாற்றிக்கொள்ளும்போது, ஒரு வங்கி அதிகாரி எம்மாத்திரம்?

டூஸி பொதுவெளியில் அதிகம் வாய் திறக்கவில்லை. பழைய சிப்பாய்கள்தான் விடவில்லை. கடைசியில் பீட்டர் டேவிஸ் என்ற பேராசிரியரிடம் 48 மணி நேரம் டேப்பில் பேசினார். ஒரே நிபந்தனை, தான் செத்த பிறகுதான் புத்தகமாக வர வேண்டும். 1975இல் இறந்தார். டேவிஸின் புத்தகம் 1991இல் வந்தது. பதினான்கு வருஷம் கழித்துப் பேத்தியின் புத்தகம். ஒரு படத்துக்கு இரண்டு புத்தகம் பதில். படத்தைக் கோடிக்கணக்கானவர்கள் பார்த்திருக்கிறார்கள். புத்தகங்களை? என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது என் குறை. சம்மர்ஸின் புத்தகத்துக்கு எதிரில் எப்போதும் ஒரு சினிமாத் திரை தொங்குகிறது. தாத்தா சாப்பிட்டால், நிக்கல்சன் அப்படிச் சாப்பிடவில்லை. தாத்தா சைட்டோவிடம் பேசினால், படத்துச் சைட்டோ வேறு. வக்கீல் மாதிரி வாதாடுகிறார். நல்ல வக்கீல்தான். ஆனால், குற்றப்பத்திரிகையை எழுதியவன் போட்ட தலைப்புகளிலேயே வக்கீலும் பேசவேண்டியிருக்கிறது, பாருங்கள். அதுதான் கஷ்டம்.

கரையான் கதையை எடுத்துக்கொள்வோம். டூஸியின் ஆட்கள் கரையான்களைப் பிடித்துவந்து மரப்பாலத்தின் கட்டைகளில் விட்டார்கள், கான்கிரீட்டை வேண்டுமென்றே மோசமாகக் கலந்தார்கள் என்பது அவரைப் பற்றிச் சொல்லும்போது யாரும் விடாத விஷயம். அவரைப் பற்றி மூன்று வரி எழுதினால் அதில் ஒரு வரி கரையான். ஏன்? 'எதிரிக்கு உதவினான்' என்ற குற்றச்சாட்டுக்குச் சுடச்சுடப் பதில் அது. எனக்கென்னவோ அந்தப் பதில் குற்றச்சாட்டைவிடச் சின்னதாகத் தெரிகிறது. பாலம் நின்றது. ரயில் ஓடியது. பிற்பாடு நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டுத்தான் அதை உடைக்கவேண்டி வந்தது. கரையான் ஒன்றும் பெரிதாகச் சாதித்துவிடவில்லை. கக்கூஸும் கொயினாவும்தான் சாதித்தன. தினம் காலையில் எத்தனை பேரை எண்ணினார்களோ, சாயங்காலம் முடிந்தவரை அத்தனை பேர் இருக்கவேண்டும் என்று ஒரு வங்கிக்காரன் கணக்குப் பார்த்தான். அதைப் படமாக எடுத்தால் ஓடாது. பேத்திக்கே அதன் பெருமை முழுசாக உறைத்திருக்கிறதா என்று சில இடங்களில் சந்தேகம் வந்தது. வீரத்துக்கு வீரம் காட்டவேண்டிய நெருக்கடி அவருக்கு.

சைட்டோ விஷயம் அதைவிட நல்லது. நிஜ சைட்டோ முகாமில் இரண்டாம் இடத்தில் இருந்த சார்ஜென்ட் மேஜர். கண்டிப்பானவர், ஆனால் மற்றவர்களோடு ஒப்பிட்டால் நியாயஸ்தர். போர் முடிந்து குற்ற விசாரணை நடந்தபோது டூஸி அவருக்காகப் பேசிக் காப்பாற்றினார். பிறகு கடிதப் போக்குவரத்து. டூஸி இறந்த பிறகு 1984இல் ஜப்பானிலிருந்து கிளம்பி வந்து அவருடைய கல்லறையில் நின்றுவிட்டுப் போனார் சைட்டோ. டேவிட் லீன் இதை எடுத்திருந்தால்... வேண்டாம், விடுங்கள்.

படம் இன்னொரு தரப்பையும் அவமானப்படுத்தியது. அதில் ஜப்பான் எஞ்சினியர்களுக்குப் பாலம் கட்டத் தெரியாது, வெள்ளைக்காரன் வந்து சொல்லித்தருகிறான். நிஜத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஜாவாவிலிருந்து வளைந்த இரும்புச் சட்டங்களைக் கழற்றிக் கொண்டுவந்து மாட்டினார்கள். இன்றைக்கும் அந்தச் சட்டங்களின்மேல் ரயில் போகிறது.

சரி, வீடுகளுக்கு வருவோம். எனக்கு இந்த விவகாரத்தில் சிப்பாய்களைவிடச் சிப்பாய் வீட்டுக்காரர்கள்தான் முக்கியமாகப் படுகிறார்கள்.

1942 பிப்ரவரியில் 'காணவில்லை' என்று ஒரு தகவல். அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் கிடையாது. 1943இல்தான் பல வீடுகளுக்கு முதல் அட்டை வந்தது. ஜப்பான்காரன் அச்சடித்துக் கொடுத்த அட்டை. நலமாக இருக்கிறேன், சம்பளத்துக்கு வேலை செய்கிறேன் என்று வாக்கியங்கள் தயாராக அச்சாகியிருக்கும். கீழே கையெழுத்து. அந்தக் கையெழுத்தின் வளைவை வைத்துக்கொண்டு, ஆள் தெம்பாக இருக்கிறானா என்று ஆராய்ச்சி செய்தார்கள் அம்மாக்கள். பதில் எழுத இவர்களுக்கும் அளவு, இருபத்தைந்து வார்த்தை. இருபத்தைந்து வார்த்தையில் மகனுக்கு எழுத உட்கார்ந்தால் நீங்கள் எதை விடுவீர்கள்?

1945இல் விடுதலையான கைதிகளின் கையில் ஒரு துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். 'கார்டு யுவர் டங்' என்று தலைப்பு. நாக்கைக் கட்டு. முகாமில் நடந்ததைப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லாதே, செத்தவன் வீட்டில் கேட்டால் மனம் உடைந்துபோவார்கள் என்று காரணம். நல்ல எண்ணம்தான். நாவைக் காக்கச் சொன்ன நம் வள்ளுவர் இதை ஒப்புக்கொண்டிருப்பாரா தெரியவில்லை. அவர் சொன்னது வாய் தவறியவனுக்கு. இவர்கள் எதையும் தவறவில்லையே.

விளைவு, ஒரு தலைமுறை வாயை மூடிக்கொண்டது. ராத்திரியில் அலறுகிற அப்பா. தட்டில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் எழுந்து போய்விடுகிற அப்பா. அரிசி என்றாலே முகத்தைத் திருப்புகிற இன்னொரு அப்பா. ஏன் என்று கேட்டால் அம்மா உதட்டில் விரல் வைப்பாள். சம்மர்ஸ் இதைப் பிற்பாடு தனியாகவே எழுதினார். 'ஸ்ட்ரேஞ்சர் இன் தி ஹவுஸ்', 2008. போரிலிருந்து திரும்பிய ஆண்களைப் பற்றி அவர்களுடைய மனைவிகள், மகள்கள், பேத்திகள் சொல்வது. ஒளிக்காமல் சொல்கிறேன், கர்னல் புத்தகத்தைவிட எனக்கு இது பிடித்தது. இதில் எதிரே சினிமாத் திரை கிடையாது. யாருக்கும் யாரும் வக்கீல் இல்லை. வீட்டுக்குள் வந்து நிற்கும் ஓர் அந்நிய மனிதனுக்குக் காபி போட்டுக் கொடுக்கவேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

பிள்ளைகள் வளர்ந்து, அப்பாக்கள் செத்து, பரணில் பெட்டியைத் திறந்தபோதுதான் டைரிகள் கிடைத்தன. 1997இல் கிழக்காசியப் போர்க்கைதிகளின் பிள்ளைகள் சேர்ந்து ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 2005 ஆகஸ்டில் ஸ்டஃபோர்ட்ஷயரில் உள்ள தேசிய நினைவு வனத்தில் நினைவு மண்டபம் ஒன்றைத் திறந்தார்கள். 2000ஆம் வருஷக் கடைசியில் பிரிட்டிஷ் அரசாங்கம் உயிரோடு இருந்த கைதிகளுக்கும் விதவைகளுக்கும் ஆளுக்குப் பத்தாயிரம் பவுண்டு தர முன்வந்தது. ஐம்பத்தைந்து வருஷம் தாமதம். ஆனால் யாருக்குத் தருவது என்பதில் குழப்பம் குறைவு. ரெஜிமென்ட், எண், பெயர், பிடிபட்ட தேதி எல்லாம் காகிதத்தில் இருந்தது.

இந்தக் காகிதத்தில்தான் எனக்கு விஷயம் இருக்கிறது.

'க்வாய்' நாவலை எழுதியவர் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். 1952இல் எழுதினார். அவர் ஜப்பானியரிடம் கைதியாக இருந்ததே இல்லை. நிக்கல்சனைத் தனக்குத் தெரிந்த பிரெஞ்சு அதிகாரிகளை வைத்துத்தான் வார்த்தேன் என்று சொல்லியிருக்கிறார். (திரைக்கதைக்கான ஆஸ்கரும் அவர் பெயருக்குத்தான் போனது. ஒரு வரி அவர் எழுதவில்லை. நிஜமாக எழுதிய கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும் கம்யூனிஸ்ட் என்று கறுப்புப் பட்டியலில் இருந்ததால் பெயர் போடவில்லை. 1984இல் போட்டார்கள். இருவரும் அப்போது உயிரோடு இல்லை.) பூலுக்கு மலாயாவை எப்படித் தெரியும் என்றால், போருக்கு முன் அங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர் அவர்.

ரப்பர் தோட்டத்து வெள்ளைக்காரர் தினம் விடிகாலையில் யாரைப் பார்த்திருப்பார்? வாளியும் பால்வெட்டுக் கத்தியுமாகப் பெரட்டுக்கு வந்து நிற்கிற தமிழர்களை. அந்தத் தமிழர்களில் பல்லாயிரம் பேரைத்தான் 1942, 43இல் ஜப்பான்காரன் லாரியிலும் சரக்கு ரயிலிலும் ஏற்றி அதே பாதைக்குக் கொண்டுபோனான். மூன்று மாத வேலை, நல்ல கூலி என்று சொல்லி. அது படியாதபோது தெருவில் மடக்கிப் பிடித்து. பூல் எழுதிய நாவல் அந்தத் தமிழனுக்காக நிற்கவில்லை. படத்திலோ அவன் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அத்தனைக்கும் படத்தை எடுத்தது தமிழ்நாட்டுக்குப் பக்கத்தில், இலங்கையின் கித்துல்கலவில்.

நான் சம்மர்ஸைக் குற்றம் சொல்லவில்லை. அவர் எழுதியது ஒரு ரெஜிமென்ட்டின் கதை, தன் வீட்டுக் கதை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 415 கிலோமீட்டர் பாதை. வேலை செய்த போர்க்கைதிகள் 60,000க்கு மேல், இறந்தவர்கள் 12,000க்கு மேல். ஒவ்வொருவருக்கும் பெயர் உண்டு. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர், வரிசை வரிசையாக, பூச்செடியோடு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியக் கூலிகள்? இரண்டு லட்சம் என்பார்கள், இன்னும் அதிகம் என்பார்கள். இறந்தவர்கள் 90,000 இருக்கலாம் என்பார்கள். முன்னது கணக்கு. பின்னது மதிப்பீடு.

காலரா வந்தபோது கைதிகளுக்குள் ராணுவ டாக்டர் இருந்தார், கொதிக்கவைத்த தண்ணீரைத்தான் குடிக்கவேண்டும் என்று சத்தம்போட ஒரு டூஸி இருந்தார். கூலி லயங்களில் யார் இருந்தார்கள்? தோட்டத்திலாவது பெரட்டில் பெயர் கூப்பிட ஒரு கிராணி இருப்பார். அங்கே அதுவும் கிடையாது. ரெஜிமென்ட் என்பது சண்டைக்கான ஏற்பாடு என்றுதான் நாம் நினைக்கிறோம். செத்த பிறகு இன்னாரைக் காணவில்லை என்று சொல்ல ஒரு ஏற்பாடு அது என்பது இந்தப் புத்தகத்தைப் படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

அதனால்தான் ஆங்கிலேயப் பேத்தியால் வாழ்க்கை வரலாறு எழுத முடிகிறது. மலேசியத் தமிழர்களுக்கு நாவல்தான் கதி. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' இரண்டையும் தேடிப் படியுங்கள். ரெங்கசாமியின் தலைப்பையே பாருங்கள். கல் நட ஆளில்லாத இடத்தில் நாவலை நட்டிருக்கிறார். இலக்கியத் தராசில் வைத்து, அங்கே வசனம் நீளம், இங்கே உணர்ச்சி அதிகம் என்று நானும் சொல்லலாம். சொல்ல மனசு வரவில்லை. காகிதம் இல்லாதவன் கேட்டதையும் நினைத்ததையும் வைத்துத்தானே எழுத முடியும்.

2023இல் காஞ்சனபுரியில் ஒரு புத்தர் கோவில் வளாகத்தில், இறந்த தமிழர்களுக்காக நடுகல் ஒன்று நட்டார்கள். மலேசியாவில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து அலைந்து, தாய்லாந்துத் தமிழர்களோடு கைகோத்துச் செய்த காரியம். நடுகல் என்றால் நமக்கு வீரன் பெயர் வெட்டியிருக்கும். இதில் எந்தப் பெயரை வெட்டுவது?

கிள்ளானிலிருந்து ஒரு நண்பர், அறுபதைத் தாண்டியவர், நடுகல்லைப் பார்க்கப் போயிருந்தார். அவருடைய தாத்தா 1943இல் சயாமுக்குப் போனவர். "போனாரு சார், வரல" என்பதற்குமேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு போட்டோகூடக் கிடையாது. பாட்டி சாகிறவரை தாலியைக் கழற்றவில்லை. செத்துவிட்டார் என்று யாரும் சொல்லவில்லையே.

நடுகல்லுக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, வந்ததுதான் வந்தோம் என்று வெள்ளைக்காரர்கள் கல்லறைக்கும் போயிருக்கிறார். வாசலில் பதிவேடு இருக்கும். யார் வேண்டுமானாலும் பிரித்து, எந்த வரிசையில் யார் என்று பார்க்கலாம்.

"அங்க நம்ம ஆளு பேரு இருக்காதுன்னு எனக்குத் தெரியும் சார். இருந்தாலும் எடுத்துப் பார்த்தேன்."

"என்ன பார்த்தீங்க?"

"எல்லாப் பேரும் போட்டிருக்கான். வயசு, நம்பர், எந்தப் படை, பல பேருக்கு அப்பா அம்மா பேருகூட. பீரங்கிப் படைன்னே நிறையப் பேரு சார். இருபத்தி ரெண்டு, இருபத்தி மூணு வயசுப் பசங்க."

"ம்."

"எனக்கு ஒருத்தனையும் தெரியாது. சும்மா ஒவ்வொண்ணா வாசிச்சுக்கிட்டே நின்னேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிருச்சு. வேன்காரன் வந்து கூப்பிட்டான்."